வதூது பாயின் இத்தாலிக் குழம்பு

கரண்டியை எடுத்துவிட்டுக் காதைத் தேக்சாவின் விளிம்புக்குக் கொண்டுபோகிறார் அப்துல் வதூது. கண்ணை மூடிக்கொள்கிறார். அடுப்பிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை இழுத்து மணலில் தேய்த்து அணைக்கிறார். மறுபடியும் காது. இப்போது திருப்தி. "கொதிக்கக் கூடாது சார். முணுமுணுக்கணும். சத்தம் ஜாஸ்தியானா கறி வெறச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். விடிகாலைச் சுபுஹுத் தொழுகை முடித்து வந்து ஏற்றிய சட்டி அது. நடுப்பகல் பாங்கு காதில் விழும்வரை இறங்காது. கடிகாரம் பார்த்துச் சமைப்பவர்களை அவர் மதிப்பதில்லை.

கடலூர் ஓ.டி.யில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. தொழிலில் பண்டாரி. கல்யாணம், கந்தூரி, சுன்னத்து என்று எந்த வீட்டில் பிரியாணி ஆக்க வேண்டியிருந்தாலும் முதலில் வதூது பாய்க்குத்தான் ஆள் வரும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடித்துக் கட்டிய கட்டம்போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். எத்தனை உதவியாட்கள் இருந்தாலும் வெங்காயத்தை மட்டும் தன் கையால்தான் அரிவார். மற்றவர்கள் அரிந்தால் கோணலாக விழுகிறதாம். மனிதர்களிடம் பேச்சு குறைவு. கரண்டியிடம் அவ்வப்போது ஏதோ சொல்லுவார். அது துஆவா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மறந்துவிடுவார். அன்றைக்குத்தான் இந்த இத்தாலிக் குழம்பு. எனக்கு எதற்கெடுத்தாலும் தூக்கிவாரிப் போடும் என்று என் மனைவி சொல்லுவாள், இருக்கட்டும். முதல் தடவை இதைப் பார்த்தபோது யாராக இருந்தாலும் ஆடித்தான் போயிருப்பார்கள். வெங்காயமும் கேரட்டும் கொத்தமல்லித் தண்டும் வெண்ணெயில் வதங்கின. பொடியாகக் கொத்திய ஆட்டுக்கறி விழுந்தது. மசாலா வரும் என்று காத்திருந்தேன். மிளகாய் வரவில்லை. இஞ்சி பூண்டு வரவில்லை. பட்டை, கிராம்பு டப்பாவை அவர் திறக்கவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு செம்பு பசும்பாலைக் கறியின் தலையில் ஊற்றினார். நான் எழுந்தே விட்டேன். பால் சுண்டியதும் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு, அதன்பின் ஒரு கூடைத் தக்காளி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். அவ்வளவுதான். முப்பது வருஷம் மிளகாய்த்தூளில் கை சிவந்த மனிதர் செய்கிற காரியமா இது என்று எனக்கு மனசே ஆறவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெங்களூர்ப் பக்கம் இத்தாலியக் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஒரு முகாமில் இவர் சமையல்காரர். கைதிகள் ரொட்டியைத் தின்றுவிட்டுக் குழம்பைக் கீழே கொட்டிக்கொண்டே இருந்தார்களாம். அதிகாரி அலுத்துப்போய், நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். கைதிகளில், தன் ஊரில் கொத்தனாராக இருந்த பெப்பே என்பவன் கரண்டியைப் பிடித்தான். அவன்தான் இவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. எதிரியிடமா போய்க் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "துப்பாக்கி நம்ம கையில இருந்திச்சி, கரண்டி அவன் கையில இருந்திச்சி. நா கரண்டி பக்கம் போயிட்டேன்" என்றார். பெப்பே திராட்சைச் சாராயம் ஊற்றுவான், பன்றிக் கொழுப்பு போடுவான். இரண்டும் ஹராம் என்பதால் இவர் அங்கேயே தனிச் சட்டி வைத்து, சாராயத்துக்குத் திராட்சைச் சாறும் கொழுப்புக்கு வெண்ணெயுமாக மாற்றிக்கொண்டார். மற்றபடி எதுவும் மாறவில்லை என்று சத்தியம் செய்கிறார். மைதாவைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நாடா நாடாவாக அரிந்து, வெந்நீரில் வேகவைத்து, அதன்மேல் குழம்பை ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இதை அவர் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். மனைவி ஆரிபா அன்றைக்குத் தனி அடுப்பு மூட்டி மீன் குழம்பு வைத்துவிடுவார். "எங்க வூட்டு ஆளுக்கு மாசம் ஒருநா ஜின்னு புடிக்கும்" என்று தெருவுக்கே சொல்லுவார். மகள்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். என்னையும் பலமுறை கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் நழுவினேன். அதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இருபது வருஷமாக அந்தத் தட்டின் முன்னால் அவர் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார். முகாமில் முப்பது பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்போம் என்று ஒருநாள் சொன்னார்.

சென்ற ஆண்டு சிதம்பரம் லால்கான் தெருவில் லியாக்கத் அலியின் மகள் ரசியாவுக்குக் கல்யாணம். இரும்புக்கடை லியாக்கத் அலி எனக்கும் பழக்கம் என்பதால் முதல் நாளே பாயோடும் ஆரிபாவோடும் நானும் போய்விட்டேன். மாப்பிள்ளை வீடு மங்கலம்பேட்டை. அரிசிக்கு நாடே அலைந்துகொண்டிருந்த சமயம். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி போகக் கூடாது. ரேஷனில் கோதுமையைப் போட்டு, இதைத் தின்று பழகுங்கள் என்றார்கள். முன்னூறு பேருக்குப் பிரியாணி என்று வாக்குக் கொடுத்துவிட்ட லியாக்கத் அலி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மூட்டை சீரகச் சம்பாவை வைக்கோலுக்கடியில் வைத்துக் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தார். கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு வண்டிக்காரர் கோவிந்தசாமி வந்து நின்றார். வண்டியில் வைக்கோல் மட்டும் இருந்தது. சோதனைச் சாவடியில் குத்திப் பார்த்து எடுத்துவிட்டார்கள்.

லியாக்கத் அலி பந்தல் காலைப் பிடித்தபடியே மண்ணில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு நிக்காஹ், அதை அடுத்து விருந்து. மாப்பிள்ளையின் தாய்மாமன் குத்புதீன் ராவுத்தர், நகையில் குறை இருந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டில் குறை இருக்கக் கூடாது என்று பேச்சு முடித்த அன்றே சொன்னவர். அவர் கை வைக்காமல் எழுந்தால் அவரோடு வந்த அத்தனை பேரும் எழுவார்கள். பெண்ணை அழைத்துக்கொள்ளாமலே பஸ் ஏறிவிடுவார்கள். அப்படி ஒரு பஸ் திரும்பிப் போனதை அந்தத் தெரு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார். அந்தப் பெண் இன்னும் தாய் வீட்டிலேயே இருக்கிறாளாம்.

தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்ததில் ஐம்பது பேருக்கு ஆகிற அரிசி சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் பிரியாணி போடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். வதூது பாய் தலையை ஆட்டிவிட்டார். ஒரே பந்தியில் ஆளுக்கொரு சாப்பாடு அவர் போடமாட்டாராம். கழுவி வைத்திருந்த கறியைப் பார்த்தார். பிரியாணிக்கென்று வாங்கிய தக்காளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மைதா எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் பாய், பரோட்டாவாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். முன்னூறு பேருக்குப் பரோட்டா தட்ட நாலு கல்லும் நாலு மாஸ்டரும் வேண்டும், நாடா என்றால் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்கிற வேலைதான் என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. லியாக்கத் அலி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எம் மானத்த வச்சி வெளையாடாதீங்க."

"ஒம் மானம் மட்டுமில்ல தம்பி. எம் பேரும் இதே சட்டியிலதான் வேவப் போவுது" என்றார் வதூது பாய். அதற்குள் அடுப்பில் வெண்ணெய் உருகத் தொடங்கியிருந்தது.

ரொட்டிக்கடைச் சடையப்பன் ஒரு மூட்டை மைதா கொடுத்தார். மாவு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்களிடம் போயிற்று. குழவி, சோடா பாட்டில், பித்தளைச் செம்பு என்று உருளுகிற எதையும் விடவில்லையாம். உள்ளேயிருந்து வெள்ளை நாடாக்கள் வந்துகொண்டே இருந்தன. கொல்லையில் துணிக்கொடியெல்லாம் அவை தொங்கியதைப் பார்த்து, யாருக்கோ பெரிய காயம், கட்டுத்துணி காய்கிறது என்றே நினைத்துவிட்டேன். எல்லோரையும் வேலை வாங்கியவர் ஆரிபா. "இருவது வருசமா நா இதத் தொட்டதில்ல. இன்னைக்கி ஊரே தொடப் போவுது" என்று முனகிக்கொண்டே கூடைகளைத் தூக்கி வந்து வைத்தார்.

கறியைக் கொத்தப் பொழுதில்லை. எலும்போடு வேகட்டும், தானாக உதிரும் என்றுவிட்டார் பாய். குடம் குடமாகப் பால் விழுந்தபோது உதவியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன என்று ஆரிபா கேட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். மசியவில்லை. மூன்று தேக்சாக்களுக்கும் மாறி மாறி நடந்து, ஒவ்வொன்றிலும் காது வைத்து, கட்டையை இழுப்பதும் தள்ளுவதுமாக நாலு மணி நேரம் நின்றார். நிக்காஹ் ஓதி முடிந்த சத்தம் வந்தபோதுகூடக் கரண்டியை விடவில்லை.

அந்தப் பக்கத்து விருந்துகளில் சஹன் வைப்பது வழக்கம். ஒரு பெரிய தாம்பாளம், அதைச் சுற்றி நான்கு பேர், நால்வருக்கும் அதுவே தட்டு. மூத்தவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். முதல் சஹன் குத்புதீன் ராவுத்தருக்கு முன்னால் இறங்கியது. மேலே மூடியிருந்த துணியை எடுத்தார்கள். சிவந்த குழம்பில் நாடாக்கள் சுருண்டு கிடந்தன. நான் அடுத்த சஹனில் உட்கார்ந்திருந்தேன்.

"சோறு எங்க?" என்றார் ராவுத்தர்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ராவுத்தர் எழுவதற்காக ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்களும் காலை மடக்கினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழத் தொடங்கிய சத்தம் கேட்டது.

பண்டாரி பந்திக்குள் வருவது கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருந்தால் அடுப்படியிலேயே தின்பவர் அவர். அன்றைக்கு வதூது பாய், கரி படிந்த முகமும் நனைந்த பனியனுமாகப் விரிப்பின்மேல் நடந்து வந்தார். ராவுத்தரின் சஹனில் எதிரே இருந்தவரைத் தோளில் தொட்டு நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"சோறு கொள்ளிடத்துலயே நின்னு போச்சி மாமா. லியாக்கத்து மேல குத்தமில்ல. இத ஆக்குனவன் நா. நல்லால்லன்னா என்னைய எழுப்பி வெளிய வுடுங்க. பொண்ண வுட்டுட்டுப் போவாதீங்க."

சொல்லிவிட்டு, மூத்தவருக்கு முன்னால் பிஸ்மி சொல்லித் தன் கையைத் தாம்பாளத்தில் வைத்தார். யாரும் செய்யாத காரியம். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, ராவுத்தரைப் பார்த்தபடியே மென்றார்.

ராவுத்தர் ஊன்றிய கையை எடுத்துத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒரு நாடாவைப் பிடித்தார், வழுக்கி விழுந்தது. மறுபடி பிடித்தார், மறுபடியும் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை விரலில் சுற்றிக்கொண்டு வாயில் வைத்தார்.

"காரமே இல்லியே."

"இல்ல மாமா."

"கறி மட்டும் தெரியுது."

"ஆமா."

ராவுத்தர் இன்னொரு பிடி எடுத்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்களும் பிஸ்மி சொன்னார்கள். ஒவ்வொரு சஹனாகக் கைகள் இறங்கின. தாம்பாளங்களில் விரல் படுகிற சத்தம் பந்தலின் கடைசிவரை போயிற்று. நானும் முதல் தடவையாக அதை வாயில் வைத்தேன். இருபது வருஷம் எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதை வேண்டாம் என்றிருக்கிறேனே என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. லியாக்கத் அலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சஹனில் நல்ல துண்டைத் தானே தின்பதில்லை. மதிப்பு உள்ளவர் பக்கம் அதை ஒதுக்குவார்கள். ராவுத்தர் குழம்புக்குள் துழாவி, கறி ஒட்டிய ஒரு நல்லி எலும்பைக் கண்டெடுத்து, இரண்டு விரலால் அதை வதூது பாயின் பக்கம் தள்ளிவிட்டார்.

வதூது பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒருமுறை பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் அந்த எலும்பை எடுத்தார்.