இன்னொரு ராடு

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. பாஸ்கெட்பால் டீம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் முதல் இரண்டையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாவதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போர்வெல் போடுகிற ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தோம். எங்கள் சோறு அந்த வண்டிகளில்தான் வந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸில் உட்கார்ந்து போன் பேசுகிற முதலாளி அல்ல. போர் போடுகிற தோட்டம் காட்டுக்கே போய் வண்டியோடு நிற்பார், வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளை மண் அப்பியிருக்கும்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேசின ஆழம் வரை ஓட்டியும் தண்ணீர் வராமல் புழுதியாகவே பறந்தால், காட்டுக்காரர் "இன்னொரு ராடு போடுங்க" என்பார். ராடு என்பது ஆழம் போகப் போக ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டுகிற இரும்புக் குழாய். அந்த இடத்தில் இவர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். "ஊட்டம்மாவக் கூப்புடுங்க" என்பார். அந்த அம்மாள் வந்ததும், "சொல்லுங்கம்மா, நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்பார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கேட்பார். பிறகுதான் அடுத்த வேலை.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டிருக்கிறேன். "அந்த நேரத்துல ஆம்பளைக்குக் காது கேக்காது புள்ள. அடமானத்துக்குப் போறது அந்தம்மா கழுத்துல கெடக்கறதுதான. அவங்க சொல்லட்டும்" என்றார். பெரும்பாலும் பெண்கள் போதும் என்றுதான் சொல்வார்களாம். எனக்கு அதில் ஒரே பெருமை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிக் காது புளிக்க வைத்திருக்கிறேன்.

ஒரு முறை பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு காட்டுக்குப் போய்விட்டு வந்தவர், தட்டில் போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அங்கே அந்த அம்மாள் நிறுத்தச் சொல்லவில்லையாம். சங்கிலியைக் கழற்றி இவர் கையில் திணித்து, "இன்னொரு ராடு போடுங்க சாமி" என்றாளாம். அவள் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

"ஈரமண்ணு வந்துருச்சு புள்ள. அதான். காஞ்ச மண்ணு வந்தா உட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஈரமண்ணப் பாத்துட்டா ஆரும் உட மாட்டாங்க. அந்தம்மா கண்ணப் பாத்தேன், எனக்கே பயமாப் போச்சு."

நல்ல பைத்தியக்காரியாக இருக்கிறாளே என்றேன். தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

இப்போது டீமுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாரும் உள்ளூர் ஆட்கள். ஒருவர் மில் வேலை, ஒருவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார், ஒருவர் செல்போன் கடை. சாயங்காலம் பந்தைத் தட்டுவார்கள், வருஷத்துக்கு ஒரு பனியன், ஆடுகிற நாளில் முட்டையும் பாலும். பனியன் முதுகில் எங்கள் ரிக் பெயர். அதற்கு ஆகிற செலவை நான் செலவென்றே நினைத்ததில்லை. காலேஜில் ஆடியவர், ஆசை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் டீம் ஆரம்பித்தபோதுதான் வினை பிடித்தது. அவர் வெளி மாநிலத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் டிரில் வாத்தியார் அவர்களுடைய மார்பு உயரம்கூட இல்லை. கூட்டத்துக்கு நடுவில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் பனியன்களை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். கத்தியிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் கேரளாவிலிருந்து ஒருவர் வந்தார். தூரத்திலிருந்தே பந்தை வளையத்தில் போடுகிறவர். அதற்கடுத்து பஞ்சாப்காரர். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், அப்படியும் நெற்றியில் இடித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் எங்கள் மாடியில் அறை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கோதுமை மூட்டை வந்து இறங்கியது. சப்பாத்தி போட்டுப் போட்டு என் மணிக்கட்டு வீங்கியது. பஞ்சாப்காரர் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு "அக்கா, சூப்பர்" என்பார். நல்ல பிள்ளைகள். கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

பயம் சின்னச் சின்னதாக வந்தது. ரிக் வண்டிக்குப் பழைய டயரையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சென்னையிலிருந்து புது ஷூ வந்தது. போன் வந்தால் இவர் பேசிக்கொண்டே மாட்டுக்கொட்டகைப் பக்கம் நகர ஆரம்பித்தார். வீட்டில் ஏதாவது கேட்டால் தலையாட்டுவார், கேட்டது காதில் விழுந்திருக்காது. ஆம்பளைக்குக் காது கேட்காத நேரம் எது என்று எனக்கு அவரே சொல்லிக் கொடுத்திருந்தாரே.

ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், பழைய ரிக் வண்டியை விலைக்குக் கொடுத்துவிட்டேன் என்று. நானோ வண்டி ஆந்திராவுக்கு வேலைக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோழிப்பண்ணைக்காரரு பஞ்சாப்காரரைக் கூப்புடறாரு. நாம காசு குடுத்துப் புடிச்சு வைக்கலீன்னா போயிருவாரு" என்றார்.

கையிலிருந்த சட்னிக் கரண்டியை வைத்தேன். வைத்தேன் என்றா சொன்னேன், எறிந்தேன்.

"ஊர்ல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் கூப்புட்டுக் கேக்கறீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். இப்படி ஒரு அடியை எதிர்பார்க்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "செரி. இனி உன்னக் கேக்காம ஒரு ராடு போட மாட்டேன்" என்றார்.

சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படி. மிச்சம் இருப்பது ஒரு வண்டி, அதற்குப் பூட்டு என் வாய்தான் என்று மனசு கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து ஷெட்டில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். அவர் கேட்கும் நாளுக்காக ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். நிறுத்திக்கலாம். துணி துவைக்கும்போதுகூட அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் சேலத்தில் போட்டி. அரை இறுதியில் கோழிப்பண்ணைக்காரர் டீமும் எங்கள் டீமும். நானும் கிளம்பினேன். ஆட்டம் பார்க்க அல்ல. அங்கே வைத்து ஏதாவது வாக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில். கோழிப்பண்ணைக்காரர் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாந்தமான பெண்மணி. தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குத்தான் முதலில் நீட்டினார்.

எனக்கு ஆட்டம் புரியாது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் நல்லது, அவ்வளவுதான். முதலில் நாங்கள் பின்னால் இருந்தோம். அப்புறம் பஞ்சாப்காரர் எகிறி எகிறிப் பந்தைப் பிடுங்கினார், கேரளாக்காரர் போட்டுக்கொண்டே இருந்தார். நெருங்கிவிட்டோம். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. கடைசிப் பந்து. கேரளாக்காரர் போட்டது வளையத்தின் மேல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியில் விழுந்தது. மணி அடித்துவிட்டது.

ஒரே ஒரு பந்து. அது உள்ளே விழுந்திருந்தால் ஜெயித்திருப்போம்.

பக்கத்து அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்கக்கா. உங்க அளவுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெருசுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. உங்க அளவுக்கு, உங்க அளவுக்கு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு என் வீட்டுக்காரர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எங்கள் டீம் கோச்சிடம் பேசிவிட்டு வருகிறார். மாடியில் இருக்கிற எங்கள் ஆட்டக்காரர் இரண்டு பேரையும் கோழிப்பண்ணைக்காரர் பக்கம் கேட்டுவிட்டார்களாம். அவர்களை விடாமல் வைத்துக்கொண்டு, பந்தைக் கொண்டுபோகக் கெட்டியான ஆள் ஒருவரைச் சேர்த்தால் அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று கோச் சொன்னாராம்.

"இருக்கறது அந்த வண்டிதான்" என்றார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு அடி தள்ளி நின்று, எனக்கு ஒருநாளும் போடாத மரியாதையைப் போட்டு, காட்டுக்காரப் பெண்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. நிறுத்திக்கலாமுங்களா?"

வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாளாகப் பழகிய வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"இன்னொரு ராடு போடுங்க" என்றேன்.

என் குரல்தான். அவர் வழக்கப்படி இரண்டாவது தடவையும் கேட்டார், "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்று. திருத்திக்கொள்ள எனக்கு அதற்கு மேல் நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் திரும்பவும் அதையே சொன்னேன், முன்னைவிடச் சத்தமாக.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு என் கண்களையே பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மல்லூரில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். பரிமாறின சோற்றைப் பார்த்துக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தார், பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த அன்றைக்கு உட்கார்ந்திருந்த மாதிரியே. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் இலை காலியாகிற வரை சாப்பிட்டேன், பந்தைக் கொண்டுபோகிற அந்த ஆளை எந்த ஊரிலிருந்து கூட்டி வருவது என்று யோசித்துக்கொண்டே.