கனவுக்குள் தேய்த்த கைகள்

பின்னேரம் மூன்றேகால். பாயில் படுத்திருந்த மகள் நித்திரையிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்தாள். கனவென்று தெரிந்த பிறகும் விழிக்காமலிருக்க அப்படிச் செய்ய வேண்டுமென்று கைபேசியில் பார்த்தாளாம். போன வருடம் இறந்த தகப்பனை அவளுக்குக் காண வேண்டும்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. என் பத்து வயதில், எங்கள் ஊரான சல்லியிலிருந்து கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கரையொதுங்கவில்லை. கனவில் மட்டும் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு முற்றத்தில் நிற்பார். உப்பும் மண்ணெண்ணெயும் மணக்கும். கனவென்று தெரிந்ததும் சந்தோஷத்தில் விழித்துவிடுவேன். முகத்தைப் பார்க்காமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சநேரம் நிற்பார் என்று நானாகவே கண்டுபிடித்தேன்.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யச் சொன்னவர்களை ஏசி அனுப்பினார். நான் கனவைச் சொன்னதிலிருந்து பகலிலும் என்னைப் படுக்கவைத்து, விசிறியோடு பக்கத்தில் இருப்பார்.

"எந்த இடத்தில கிடக்கிறியள் எண்டு கேள், பிள்ளை. வேற கதை வேண்டாம்."

கேட்ட உடனேயே ஒவ்வொரு முறையும் விழித்தேன். கடைசியில் அப்பா வருவதே நின்றது. அதற்குப் பிறகு கனவென்று தெரிந்தாலே பயத்தில் எழும்பிவிடுவேன். கணவர் கனவில் வந்தபோதும் அப்படித்தான். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மகளை எழுப்பக் கை நீட்டினேன், மனம் வரவில்லை. அவளாகவே கண் திறந்தாள்.

"அப்பா வந்தவர், அம்மா. கனநேரம் நிண்டவர்."

"என்ன சொன்னவர்?"

"என்னைக் கண்டதும் அம்மா ஏன் எழும்பி ஓடுறா எண்டு கேட்டவர்."