அறுபத்தொரு வருடக் கல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எங்கள் நாசரேத்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், தூத்துக்குடியில் கடலுக்குள் முங்கிக் கல் எடுக்கும் அண்ணாச்சி ஒருவருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்போது நான் கல்லூரியில் வேதியியல் டீச்சர். கூடவே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். பவளப்பூச்சி கட்டும் முருகைக்கல்தான் என் பாடம். அது வருடத்துக்கு ஒரு வரியாக வளரும். அந்தக் கல்லில் இருக்கிற ஆக்சிஜன் கடல்தண்ணீரில் இருந்து வந்தது. ஆக்சிஜனில் லேசானதும் உண்டு, கனத்ததும் உண்டு. இரண்டும் சிதையாமல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் குளிர்ந்தால் கல்லில் கனத்தது ஒரு துளி கூடும், சூடேறினால் குறையும். வரி வரியாகச் சுரண்டி அளந்தால் அந்தந்த வருடத்துக் கடலின் சூடு தெரிந்துவிடும். அளக்கும் இயந்திரம் வடக்கே இருந்தது. ஒரே ஒரு முறை என் கல்லை அதில் அளந்து தருவதாக எழுதியிருந்தார்கள். அதை விட்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் கரையில் முருகைக்கல்லை வள்ளம் வள்ளமாக ஏற்றிவந்து சுண்ணாம்புக் காளவாசலில் சுடுவார்கள். அந்த வேலை செய்கிற அண்ணாச்சியிடம்தான், அடியிலிருந்து உச்சிவரை உள்ள பெரிய கல் ஒன்று வேண்டும் என்று சொல்லிவைத்தேன். சொன்ன நாளில் கொண்டுவந்தார். மூன்று ஓலைப்பெட்டி நிறையத் துண்டுகள்! காளவாசலுக்கான கல்லைத் தண்ணீருக்குள்ளேயே கடப்பாரையால் உடைத்துத்தான் ஏற்றுவது வழக்கம். டீச்சர் தூக்கச் சிரமப்படக் கூடாதே என்று எனக்கு இன்னும் சின்னதாக உடைத்திருந்தார், மகராசன்.

கத்தித் தீர்த்தேன். எது மேலே, எது அடியில் என்று தெரியாவிட்டால் வருடங்கள் குழம்பிப்போகும், என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பெட்டிகளை மணலில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“நான் உடைச்ச கல்லு எனக்குத் தெரியாதா டீச்சர்? செத்த நேரம் பொறுங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். கலங்கல் தண்ணீரில் தடவித்தான் உடைப்பாராம். அதனால் சேர்க்கவும் கைதான் வேண்டுமாம். கடப்பாரை இறங்கிய பள்ளத்தையும் பிளந்த முகத்தையும் விரலால் தடவித் தடவி ஒன்றோடு ஒன்று பொருத்தினார். வெயில் சாய்வதற்குள் கல் எழுந்து நின்றது. நான் வாயை மூடிக்கொண்டு துண்டுகளுக்கு எண் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டறையில் பலகையாக அறுத்து, வரிகள் தெரிவதற்காக எங்கள் நாசரேத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். கல்லுக்கு எங்கே வலிக்கிறது என்று அங்கே இருந்தவர் கேலி செய்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் அவரே வரிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். துண்டுக்குத் துண்டு வரிகள் பிசகாமல் தொடர்ந்தன. மொத்தம் அறுபத்தொன்று.

உச்சியில் ஐந்து வரி, அடியில் ஐந்து வரி, வரிக்கு நான்கு இடம் என்று சுரண்டிய தூள் வடக்கே போயிற்று. எண்கள் வந்தன. தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மார்கழிக் குளிர், சித்திரைச் சூடு, அடுத்த மார்கழி. நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், யாருமே குறித்துவைக்காத மார்கழி. ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னேன்.

பட்டம் உறுதி என்று தெரிந்ததும் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். அடி வரியைக் காட்டி வருடத்தைச் சொன்னேன். அது அவருடைய அப்பா பிறந்த வருடமாம். அந்த வரியில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. காளவாசலுக்குப் போகிற கல்லிலும் இப்படி இருக்குமா என்று கேட்டார். எல்லாக் கல்லிலும் இருக்கும் என்றேன்.

“நேத்து மட்டும் மூணு வள்ளம் ஏத்துனோமே டீச்சர்,” என்றார்.

மூன்று வள்ளத்தில் எத்தனை வருடம் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.