உடம்பு பத்தாதுங்க

இன்று கோயம்புத்தூரில், இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார்கள். நான் போதுமான அளவுக்குக் குண்டாக இல்லையாம்.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன். எத்தனை மாத்திரை போட்டாலும் சர்க்கரை அடங்கவில்லை. அப்பாவுக்கு இதே சர்க்கரையில்தான் கால் போனது.

நர்ஸ் எடை பார்த்தார். தொண்ணூறு கிலோ. உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, உடம்பு பத்தாதுங்க."

"எவ்வளவு பத்தாதுங்க?"

"அஞ்சு கிலோங்க."

செருப்போடு ஏறி நின்றிருக்கலாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இதுக்குன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்கம்மா. அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்குச் செஞ்சாலும் சர்க்கரை குறையலாம்னு எனக்கும் தோணுது. ஆனா கத்தி வெக்கற அளவுக்கு அது உறுதியில்லீங்க."

"அப்ப அஞ்சு கிலோ ஏத்திப்போட்டு வரட்டுங்களா?"

"மொதல்ல ஏறுறது சர்க்கரைதானுங்க." அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

திரும்பும்போது அவிநாசி பஸ்ஸில் பக்கத்து வீட்டு சரசக்கா இருந்தார். எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் மரியாதைக்குக் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இப்படி எளச்சுப்போட்டீங்க?"

இத்தனை வருடமும் இதற்குச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இன்றைக்குத்தான் உண்மையான பதில் இருந்தது.

"அதானுங்கக்கா பிரச்சினையே."

நம் மெயில் குழு நண்பர்களுக்கு: "டயட் இருந்து பாரேன்" என்று பதில் மெயில் போடுகிறவர்கள், முதல் வரியில் தங்கள் எடையை எழுதவும்.