தீயணைப்பான் பெட்டிக்கு நான் செய்த பூட்டு

எங்கள் தெருவில் பாதுகாப்புக் குழு தொடங்கியபோது தீயணைப்பு வீரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தால் நனைத்த சாக்கைப் போர்த்தி ரெகுலேட்டரை மூட வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். தெருவே செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தது. யாராவது வந்து செய்து பாருங்கள் என்றதும் எல்லாரும் ஓரடி பின்னே போனார்கள். கூச்சத்தில் எனக்குக் கால் நகரவில்லை. நான் முன்னால் நிற்கும்படி ஆகிவிட்டது. சாக்கைப் போட்டேன். சிரித்தார்கள்.

பிறகு குழு ஒரு தீயணைப்பானை வாங்கி, தெருமுனையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்தது. அவர்களுக்குத் தீயைவிடத் திருடன்மேல்தான் பயம். அஞ்சாம் வகுப்போடு பூட்டுப் பட்டறைக்குப் போனவன் என்பதால் பூட்டு என் பொறுப்பு. சாவி ஒன்றே போதும், இரண்டு இருந்தால் கண்டவனும் திறப்பான் என்றார் குழுத் தலைவர். எதற்கும் அசையாத பூட்டாகச் செய்து கொடுத்தேன். சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை, எதிர்வீட்டு அக்காவின் சிலிண்டரில் தீப்பிடித்தது. முன்னறையில் இட்லிக்கடை, உள்ளறையில் எழுந்து நடக்க முடியாத கணவர். குழு மொத்தமும் பெட்டிக்கு ஓடியது. தலைவரோ அய்யலூர் சந்தையில் ஆடு பார்த்துக்கொண்டிருந்தார். போனில், "வந்துக்கிட்டே இருக்கேன். பூட்ட மட்டும் ஒடச்சிராதீங்கப்பு, புதுசு" என்றார்.

கல்லால் அடித்தார்கள், கடப்பாரையால் நெம்பினார்கள். பூட்டு அசையவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே பூட்டுக்காரா, அன்னைக்குச் சாக்குப் போட்டவன் நீதானடா? அங்க என்னத்த வேடிக்க பாக்குற?"

அரிசிச் சாக்கு ஒன்றைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சிலிண்டரைப் போர்த்தி, கையை உள்ளே விட்டு ரெகுலேட்டரை மூடினேன். தீ அணைந்தது. என் புருவம் ஒன்று போனது.

சந்தையிலிருந்து வந்த தலைவர் நேரே பெட்டிக்குப் போய்ப் பூட்டைத் தடவிப் பார்த்தார். மறுநாள் கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள், பூட்டு அவ்வளவு உறுதியாக இருந்ததற்காக. அந்தக் குழுவில் முதல்முறையாக வாயைத் திறந்து, பெட்டிக்குப் பூட்டே வேண்டாம் என்றேன். பூட்டுக்காரனே இப்படிச் சொன்னால் எப்படி என்று சிரித்துவிட்டு, இன்னும் பெரிய பூட்டாகப் போடுவதென்று முடிவு செய்தார்கள்.

துண்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நனைத்துப் போடச் சாக்கைவிட அது வசதியாம். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.