பொக்கம் வேணும், குலுக்கம் வேண்டாம்

வொர்க்‌ஷாப்பில் விரித்திருந்த சாக்கின்மேல் இரண்டு வகைச் சாமான்கள் கிடந்தன. ஒரு பக்கம் எண்ணெய் பூசிய வில்பட்டைகள், வளைந்து, கறுப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக. மறுபக்கம் அயனி மரத்தில் கடைந்த உருண்டைக் கட்டைகள். வள்ளம் கட்டுகிற மரம் அது, தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் மக்காது. அத்தான் இரண்டுக்கும் நடுவே குத்தவைத்து உட்கார்ந்து இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று அக்கா என் காதில் சொன்னாள். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், பூதப்பாண்டியில் நடந்தது இது. கடைக்குப் போகிற வழியில் நானும் அக்காவும் அங்கே நின்றிருந்தோம்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்கு ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா அதே எஸ்டேட்டின் மருந்தகத்தில் நர்ஸ். போவதும் வருவதும் அவருடைய ஜீப்பில்தான். வழியெங்கும் உருளைக்கல். நடுவே ஓர் ஆறு, அதற்குப் பாலம் கிடையாது, சப்பாத்துதான். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே புரண்டு ஓடும் கான்கிரீட் தளத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். சேற்றில் பிடிமானம் வேண்டுமென்று அத்தான் பெரிய டயர்களை மாட்டினார். அவை ஒவ்வொரு வளைவிலும் மட்கார்டில் உரசி, வண்டிக்குள் கருகல் நாற்றம் அடித்தது. ஆகவே வண்டியை உயர்த்தியாக வேண்டும். உயரத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் பொக்கம்.

“பொக்கம்னா எங்க பொக்கம்?” என்று மெக்கானிக் கேட்டார். “பட்டையக் கூட்டினா அடிச்சட்டத்தோட எல்லாம் மேல வரும். ஆனா வண்டி வெறச்சிக்கிடும், நல்லா குலுக்கும். கட்டையக் குடுத்து பாடிய மட்டும் பொக்கினா குலுக்கம் பழையபடிதான். இஞ்சினும் பழைய எடத்துலதான் கெடக்கும்.”

அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகெலும்பில் வட்டு விலகியிருந்தது. சேலைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். குலுக்கம் கூடினால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர்கள் அப்போதே சொல்லியிருந்தார்கள். விடுகிற ஆள் இல்லை அவள். அந்த மருந்தகத்துக்கு வேறு யார் வருவார் என்று எங்களிடமே சண்டைக்கு வருவாள்.

“பொக்கம் வேணும், குலுக்கம் வேண்டாம். கட்டையே போடும்,” என்றார் அத்தான். சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அவள் ஒன்றும் தெரியாதவள்போல டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் குடும்பத்தில் காதல் என்பது இந்த அளவுக்குமேல் வெளியே வந்ததில்லை. வழி நெடுக அவளைக் கேலி செய்துகொண்டே போனேன்.

வேலை முடிந்து வந்த வண்டியைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. உடம்பு மேலே போய்விட, கியர்க்கம்பி தரைக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. அத்தான் குனிந்து அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்கா ஏறுவதற்கு ஒரு படிப்பலகை வைத்துக் கொடுத்தார். “ஆனைமேல ஏறின மாதிரில்லா இருக்கு,” என்றாள்.

அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் சப்பாத்துத் தண்ணீரைக் கண்ணால் அளப்பதில்லை. மலைத்தண்ணீர் கலங்கி வந்தால் கண்ணுக்கு ஆழம் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார்கள். கிளட்சுப் பக்கம் தகடு துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பாதத்தைத் தொட்டால் அதற்குமேல் போகக் கூடாது. “காலு நனைஞ்சா ரிவர்ஸ்” என்பது அவர்கள் பேச்சு. அத்தானும் அப்படித்தான் ஓட்டினார், தப்பியதில்லை. வண்டியின் உடம்பு நான்கு அங்குலம் உயர்ந்தபோது அந்த ஓட்டையும் அவர் பாதமும் கூடவே உயர்ந்துவிட்டன. ஃபேனும் இஞ்சினும் பழைய இடத்திலேயே இருந்தன. கால் நனையுமுன்பே தண்ணீர் இஞ்சினுக்கு எட்டிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் எஸ்டேட்டிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலையில் நல்ல மழை. சப்பாத்தில் இறங்கி நடுவில் வந்ததும் இஞ்சின் தண்ணீரை இழுத்து நின்றுவிட்டது. “காலு நனையல்லியே,” என்றாராம் அத்தான். அக்கா போலீசில் இதை ஒரே தடவை சொன்னாள். பிறகு, “நீ இரி, கயறு கெட்டிட்டு வாறேன்,” என்று இறங்கினார். அந்த நேரத்தில்தான் தண்ணீரின் இழுப்பு கூடி அவர் காலை வாரியது. மறுநாள் கீழே ஒரு பாறையிடுக்கில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அன்று மாலை எஸ்டேட் டிராக்டர் ஜீப்பைக் கரைக்கு இழுத்து வந்தபோது அக்கா சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்ததும் அவள் செருப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஏன் தொட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன், பெஞ்சு வாடகைக்கு ஆள் அனுப்பினேன். அக்காவும் அழவில்லை. இரண்டும் கல்லு என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. துக்கம் என்று எதைச் சொல்கிறார்களோ அது பிறகு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அக்கா பதினாறு கழிந்து சில வாரத்தில் வேலைக்குப் போனாள், பஸ்ஸில் ஏறி, மீதி வழி நடந்து. ஜீப்பை யாரோ வாங்கிப் போனார்கள். பிறகு சப்பாத்து இருந்த இடத்தில் பாலமும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பொக்கம் என்ற சொல் மட்டும் நின்றுபோயிற்று. பிள்ளைகள் வளர்வதைக்கூடப் பள்ளிக்கூடப் புத்தகம்போல உயரம் என்றே சொல்கிறோம். யாரும் முடிவெடுத்துச் செய்ததல்ல.

போன மாதம் அக்காவை நாகர்கோவிலில் முதுகுக்குக் காட்டப் போனோம். வெளியூரிலிருந்து புதிதாக வந்த டாக்டர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“வேலைக்கு எதுல போறீங்க?”

“பஸ்ஸுல சார். வீட்டு ஜீப்புல போயிட்டிருந்தேன். அவிய ஓட்டுவாவ.”

“மலையில ஜீப்புன்னா குலுக்கி எடுத்திருக்குமே?”

“இல்ல சார்,” என்றாள் அக்கா. “எனக்காண்டி குலுக்காம வச்சிருந்தாவ.”

இத்தனை வருடத்தில் அத்தானைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அன்றுதான். டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரொம்ப நல்லது. அப்ப பஸ்ஸை விட்ருங்க. இனிமே அதுலயே போங்க.”

“சரி சார்,” என்றாள்.