மூன்றாவது குட்டியின் மூச்சு

தைப்பிங்கிலிருந்து வேலை மாற்றலாகி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது என் பூனை நிறைசினையாக இருந்தது. வந்த ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, அலமாரிக்கடியில் முக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு மணி நேரமாகியும் ஒரு குட்டிகூட வெளியே வரவில்லை.

பக்கத்தில் இருந்த கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே பூனையைக் கூடையை விட்டு எடுக்கக்கூட இல்லை.

"ஆபரேஷன்தான் மிஸ். டெபாசிட் கட்டிட்டா உடனே ஆரம்பிச்சிரலாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அவர் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதி. அதைவிட, பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. வேறு யாரைக் கேட்பது? இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது அலுவலகமும் ரயில் நிலையமும்தான்.

கூடையோடு திரும்பியபோது லிஃப்ட் வாசலில் கீழ்வீட்டு அக்கா நின்றிருந்தார். அதுவரை நாங்கள் சிரித்துக்கொண்டதோடு சரி.

"என்னம்மா, பூனைக்கு என்ன?"

சொன்னேன். கூடைக்குள் எட்டிப் பார்த்தவர், கையிலிருந்த காய்கறிப் பையைக் காவலாளியின் மேசையில் அப்படியே வைத்தார்.

"கிள்ளான்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. எங்க நாய பதினோரு வருஷமா அவங்கதான் பாக்குறாங்க. கொஞ்சம் தூரம்தான் லா, ஆனா ஏமாத்த மாட்டாங்க. வா, கார எடுக்குறேன்."

நெடுஞ்சாலையில் நெரிசல். பாதி வழியில் பூனை கத்துவதை நிறுத்திவிட்டது. அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கடைவரிசையில் ஒரு சின்ன கிளினிக். ஐம்பது வயதிருக்கும் அந்த டாக்டர் பூனையை மேசையில் கிடத்தி, ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

"மூணு குட்டி. முதல் குட்டி குறுக்க மாட்டிக்கிட்டு இருக்கு. திருப்பிப் பாக்குறேன். முடியலன்னா மட்டும் ஆபரேஷன், சரியா?"

இரண்டுக்கும் எவ்வளவு ஆகும் என்பதையும் அப்போதே சொன்னார். திருப்புவதற்குக் கேட்டது என்னால் தர முடிந்த தொகை.

கையுறை மாட்டிக் கண்களை மூடிக்கொண்டார். விரல்நுனியாலேயே பார்ப்பதுபோல் இருந்தது. "சாயாங், சாயாங்" என்று மலாயில் பூனையைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு குட்டி, நனைந்து, நெளிந்துகொண்டு, அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவது அசையவில்லை.

தாய்க்கு ரத்தம் நிற்காததால் டாக்டரின் இரண்டு கைகளும் அங்கே இருந்தன.

"நீங்க புடிங்க. டவலால தேய்ங்க. பயப்படாதீங்க, நல்லா தேய்ங்க."

என் உள்ளங்கைக்குள் அடங்கியது அது. தேய்த்தேன். சூடு இருந்தது, உயிர் இல்லை.

"செத்துப் போச்சு டாக்டர்."

"நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

எவ்வளவு நேரம் தேய்த்தேனோ தெரியாது. கட்டைவிரலுக்கடியில் ஏதோ துடித்தது. ரோஜா நிற வாய் திறந்தது. ஊசி அளவு ஒரு சத்தம் வந்தது. ஓர் உயிர் தன் முதல் மூச்சை இழுப்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. என் கைக்குள்ளேயே அது நடந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தாய்க்கு ரத்தம் நின்றதும் டாக்டர் தன் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையைக் குட்டியின் மார்பில் வைத்தார். அவ்வளவு சின்ன உடம்புக்குள் அப்படி ஓர் ஓட்டம். எண்ணவே முடியவில்லை.

திரும்பும் வழியிலும் அதே நெரிசல். ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னிருக்கைக் கூடையிலிருந்து மூன்று குட்டிகளும் பால் குடிக்கும் மெல்லிய சத்தம் வந்தது. அக்கா கை நீட்டி ரேடியோவை அணைத்தார்.